சைலன்சருக்கு முன்னால் ஆர்.சி.

கெடார் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அந்தத் தம்பியைப் பார்த்தோம். பழைய பல்சர் வண்டி. திண்டிவனத்தில் ஓடியது என்பதை டி.என். 16 என்று தொடங்கும் எண்ணே சொல்கிறது. கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கியிருக்கிறார். அவர் வீட்டு வாசலில் மோட்டார் வண்டி என்று ஒன்று நிற்பது இதுதான் முதல்முறை. மெக்கானிக்கிடம் சொல்ல ஒரு பட்டியலோடு வந்திருந்தார்: சத்தம் போடுகிற சைலன்சர், அகலமான பின் டயர், எல்.இ.டி. விளக்கு, டேங்க் முழுக்க நீலப் பெயின்ட், அதன் மேல் அம்பேத்கர் படம். கையிருப்பு எட்டாயிரம் ரூபாய்.

"ஆர்.சி. உங்க பேருக்கு மாத்தியாச்சா தம்பி?" என்று கேட்டோம்.

"அதுக்கென்னண்ணே அவசரம், வண்டி நம்மகிட்டதானே இருக்கு" என்றார்.

பழைய வண்டிக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நாம் சிரிக்க மாட்டோம். ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடியும்வரை உருட்டிக்கொண்டு போன தலைமுறை இன்னும் நம் காலனித் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுடைய பேரன் அதே தெருவில் வண்டியைவிட்டு இறங்காமல் போகிறான். அந்த வண்டி பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்படுவதில் என்ன தப்பு?

இந்தப் போக்கைத் தடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது நாடாளுமன்றத்துக்கே தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. பிரிவு 3(1)(இசட்.ஏ.). பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம். தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். மோட்டார் சைக்கிள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கல்லூரி படிக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், 2025 பிப்ரவரியில், புல்லட் ஓட்டி வந்த தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் நீ எப்படிப் புல்லட் ஓட்டலாம் என்று சாதியைச் சொல்லித் திட்டி வெட்டியதாகப் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி 3 பேர் கைதானார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தத் தம்பியின் பட்டியலைப் பார்த்தோம். நமக்கு உறுத்தியது சைலன்சர்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தம்பியின் மொத்தக் கையிருப்பில் பாதிக்கு மேல் ஒரே அபராதத்தில் போய்விடும்.

பணம்கூடப் போகட்டும். நாளைக்கு யாராவது வழியில் மறித்து, தெருவில் இறங்கிப் போ என்று மிரட்டுகிறார்கள். நாம் புகார் கொடுக்கப் போகிறோம். அங்கே எதிர்த்தரப்பு சொல்லப்போகும் முதல் வார்த்தை என்ன? "சாதியெல்லாம் இல்லைங்க, சத்தம் தாங்க முடியல, அதான் கேட்டோம்." ஊர்ப் பையன்களும் இதே சைலன்சரைப் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள், அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. உண்மைதான், அநியாயம்தான். ஆனாலும் வன்கொடுமையை வெறும் வாய்த்தகராறாகச் சுருக்கிவிட ஒரு சாக்கை நாமே காசு கொடுத்து வாங்கி வண்டியில் மாட்ட வேண்டாம் என்பதே நம் எண்ணம். வண்டி அமைதியாகப் போகும்போது மறித்தால், மறித்த காரணம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆர்.சி.க்கும் இதே கதைதான். வண்டியை உடைத்தார்கள், எரித்தார்கள் என்று போய் நின்றால், வண்டி யாருடையது என்று கேட்பார்கள். அதற்குத் திண்டிவனத்துக்காரர் பெயர் போட்ட அட்டையையா நீட்டுவது? தமிழ்நாட்டுக்குள் விற்றால் எண் மாறாது. பெயரும் முகவரியும்தான் மாறும். படிவம் 29, படிவம் 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பழைய கடன் இருந்தால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். அதை நீக்கப் படிவம் 35. காசு கொடுப்பதற்கு முன்பே இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும். விற்றவர் கையெழுத்துப் போட இழுத்தடித்தால் ஒன்று சொல்லுங்கள்: விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் அவரே உங்களைத் தேடி வருவார். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்றவற்றை மெக்கானிக்கே பார்த்துக்கொண்டார். அகல டயர் போட்டால் செயினில் உரசும், மைலேஜ் போகும். அதற்குப் பதில் அளவான புது டயரும் பிரேக் ஷூவும் போடு என்றார். பழைய வயரிங்கில் பெரிய எல்.இ.டி. மாட்டினால் ஒருநாள் ராத்திரி நடுவழியில் ஃப்யூஸ் போய் நிற்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றச் சொல்லியிருந்தார் தம்பி. அதைத்தான் மெக்கானிக் கண்டித்துப் பேசினார்: "பின்னாடி உங்கம்மாதானேடா உட்காரப் போறாங்க?" முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை அம்மாவைக் கூட்டிப்போகத்தான் வண்டியே வாங்கியதாக அப்போதுதான் சொன்னார். பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதியிலும் இருக்கிறது.

நீல டேங்க்? வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் உள்ளதால் முழுக்கப் பெயின்ட் அடித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். அம்பேத்கர் படத்தை டேங்கில் ஒட்டிக்கொள்ளலாம். நம்பர் பிளேட்டில் மட்டும் எண்ணைத் தவிர எதுவும் கூடாது, தலைவர் படமானாலும் கட்சிச் சின்னமானாலும்.

பேனாவை வாங்கிப் பட்டியலில் சைலன்சரை அடித்தார். மிச்சமான பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்கச் சொன்னோம். வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566-ஐ போனில் பதிந்துகொண்டார்.

"எல்லாம் சரிண்ணே, சவுண்டே இல்லாம எப்படிண்ணே?" என்றார் கிளம்பும்போது.

மெக்கானிக் ஹாரனை ஒருதரம் அழுத்திக் காட்டினார். அதுவும் வேலை செய்யவில்லை. முதலில் அதை மாற்றச் சொல்லிவிட்டு வந்தோம்.