அரைவாழ்வுக் காலமும் லயன் அறையும்: கதிரியக்கச் சமதானி மருத்துவ ஆய்வு பற்றிய ஒரு சமூக நோக்கு

விஞ்ஞான ஆய்வு, குறிப்பாக ஆய்வுகூடத்தினுள் நிகழும் பௌதிக ஆய்வு, வர்க்க உறவுகளுக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணம் கற்றோரிடையே இன்றும் நிலவுகின்றது. இதனையொத்த ‘தூய இலக்கிய’ வாதத்தோடு நெடுங்காலம் வழக்காடியவர்கள் நாம். ஆதலால், பேராதனையில் முதுமாணிப் பட்டத்துக்காகக் கதிரியக்கச் சமதானிகளின் மருத்துவப் பயன்பாட்டை ஆராயும் மாணவர் எதனை அளக்கின்றார், எது அவரது அளவீட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றது என்று கேட்க நமக்கும் உரிமையுண்டு.

இவ்வாய்வுக்கான தளம் பேராதனையில் உள்ளது. 1996இல் நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் மருத்துவ பௌதிகத்தில் முதுமாணிப் பட்டம் வழங்குகின்றது. மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவும் உண்டு. அணு மருத்துவத்தில் உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுவது தெக்னீசியம்-99எம். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 6 மணித்தியாலம். அதன் தாயாகிய மொலிப்டினம்-99இன் காலம் 66 மணித்தியாலம். ஈயக் கவசமிட்ட பெட்டியிலுள்ள தாய்ப்பொருளினூடாக உப்புநீரைச் செலுத்தி, அதிலே பிறந்த தெக்னீசியத்தை நாடோறும் பிரித்தெடுப்பர். ஆய்வுகூடத்தார் இப்பெட்டியைப் ‘பசு’ என்றும், இச்செயலைக் ‘கறத்தல்’ என்றும் வழங்குவது, சொல்லாராய்ச்சி செய்வோரும் குறித்துக்கொள்ளத்தக்கது.

பண்டம் என்ற வகையில் இது விசித்திரமானது. தேயிலையைக் களஞ்சியத்தில் வைத்து விலையேற்றத்துக்குக் காத்திருக்கலாம். இதனைப் பதுக்க இயலாது. விமானம் தாமதித்தால் அதன் பயன்மதிப்பே கரைந்துவிடும். 2009 மே மாதம் கனடாவின் சோக் ரிவர் அணுவுலை பழுதுற்றது. 2010இல் நெதர்லாந்தின் பெற்றன் உலையும் சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. உலகின் மொலிப்டினம் தேவையிற் பெரும்பங்கை நிறைவுசெய்தவை இவ்விரு உலைகளே. எங்கோ ஓர் உலையின் கலத்தில் ஏற்பட்ட அரிப்பு உலகெங்கும் நோயாளரின் பரிசோதனைத் திகதியைத் தள்ளிப்போட்டது. அணுவுலை எதுவுமில்லாத இலங்கை இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது சாதாரண மருந்துகளுக்கே இங்கு நேர்ந்த தட்டுப்பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

எனினும் இக்கட்டுரையின் கவனத்துக்குரியது மற்றொரு சமதானி: அயடீன்-131. மழைமிகுந்த ஈரவலயத்திலே கண்டக்கழலை நீண்டகாலமாக அறியப்பட்ட நோய். உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. உணவில் அயடீன் மிகும்போது, சோதனைக்காகக் கொடுக்கப்படும் அயடீனில் தைரொயிட்டுச் சுரப்பி உறிஞ்சும் வீதம் குறைகின்றது. எனவே, பிறநாட்டு நூல்கள் ‘இயல்பானது’ என்று தரும் உறிஞ்சல் வீதத்தை இங்குள்ளோர்மீது அப்படியே பொருத்துவது தவறு. இவ்வளவையை உள்ளூரில் நிர்ணயிப்பதே ஒரு முதுமாணி ஆய்வுக்குத் தகுந்த பொருளாகும்.

அயடீன்-131 பரிசோதனைக்கு மாத்திரமன்றிச் சிகிச்சைக்கும் உரியது. சுரப்பி மிகையாகத் தொழிற்படும் நோயாளர் மருந்தை அருந்தி அன்றே வீடு திரும்புவதுண்டு. புற்றுநோய்க்கு மிகுந்த அளவு வேண்டப்படுவதால் தனியறை ஒதுக்கப்படும். அரைவாழ்வுக் காலம் 8 நாள். வீடு திரும்புவோருக்குரிய அறிவுறுத்தல்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே: சில நாட்களுக்குத் தனியே உறங்குக, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அணுகாதிருக்குக, மலசலகூடத்தை மிகுந்த சுத்தமாகப் பயன்படுத்துக. தாய்மார் அக்குழந்தைக்குப் பாலூட்டுவதை முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

இங்குதான் பௌதிகம் சமூகத்தைச் சந்திக்கின்றது. கதிர்மூலத்திலிருந்து 1 மீற்றர் தொலைவில் நிற்பவர் 2 மீற்றருக்கு விலகினால், அவர் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழக் காற்பங்காகும். ஆனால் விலகுவதற்கு இடம் வேண்டுமே! ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பத்துக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவிற் சமைத்து, உண்டு, பிள்ளைகளோடு உறங்கும் ஒரு பெண்ணுக்குத் ‘தனியறையில் உறங்குக’ என்னும் வாக்கியம் எதனை உணர்த்தும்? உடலில் தங்காத அயடீனின் பெரும்பகுதி முதலிரு நாட்களிற் சிறுநீருடன் வெளியேறுகின்றது. பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடமெனின் அறிவுறுத்தலின் எஞ்சிய பகுதியும் பயனற்றுப்போம். மேலும், கொழுந்தெடுக்கும் பெண் சில நாள் ஒதுங்கியிருந்தால் அந்நாட்களுக்குப் ‘பேர்’ விழாது. விதி எழுதியோர் மனக்கண்ணில் இருந்தது பல அறைகள் கொண்ட ஒரு மத்தியதர வர்க்க வீடு. அது மனிதர் அனைவருக்கும் பொதுவான வீடாக எழுதப்பட்டுவிட்டது.

ஆய்வேட்டு நடையும் இதற்கு உடந்தை. ‘நோயாளிக்கு 10 மில்லிக்கியூரி வழங்கப்பட்டது’ என்பது திருத்தமான வாக்கியந்தான். ஆயினும் அதில் நோயாளிக்கு முகவரி இல்லை. வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு நாம் முன்வைப்பது சிறியதொரு வேண்டுகோள்: அறையின் நீள அகலம், அதில் உறங்குவோர் தொகை, மலசலகூடத்தைப் பகிரும் குடும்பங்கள் ஆகியவற்றை வினாக்கொத்திற் சேர்க்கலாம். அறிவுறுத்தற் பத்திரத்தை நேர் மொழிபெயர்ப்பாக அன்றித் தோட்டத்துப் பேச்சறிந்தோரைக் கொண்டு தமிழில் எழுதுவிக்கலாம். குடும்பத்தார் பெறும் கதிர்வீச்சை அளக்கும் வெப்ப ஒளிர்வு அளவிகள் மிகச் சிறியவை, சட்டையிற் குத்திக்கொள்ளலாம். அயடீன்-131 வெளிவிடும் காமாக் கதிர் மெல்லிய சுவரை ஊடுருவ வல்லது. ஆதலின், லயத்தில் ஆய்வு செய்வோர் ஓர் அளவியைச் சுவருக்கு அப்பால், அடுத்த காம்பராவிற் பிள்ளை உறங்கும் இடத்திலும் தொங்கவிட வேண்டும்.