பாஸ்டன் பல்கலைக்கழகச் சொற்பொழிவுப் பள்ளி (1873–1879): மறைந்த நிறுவனமும் தொடர்ந்த மரபும்

திறவுச்சொற்கள்: சொற்பொழிவுக் கல்வி, குரல் உடலியல், லூயிஸ் மன்ரோ, கிரகாம் பெல், நிறுவன வரலாறு.

முன்னுரை

கல்வி நிறுவன வரலாறுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றவற்றின் வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன. மூடப்பட்டவை அவற்றில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1873 முதல் 1879 வரை இயங்கிய சொற்பொழிவுப் பள்ளி அத்தகையது. அதன் பங்களிப்பை ஆறாண்டு ஆயுளைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளியும் பாடமும்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சட்டமன்றம், நீதிமன்றம், திருச்சபை, விரிவுரை மேடை ஆகிய அனைத்தும் ஒலிபெருக்கியின் துணையின்றியே இயங்கின. ஆகவே, பேரவைக்குக் கேட்குமாறும் தொண்டைக்கு ஊறு நேராமலும் பேசும் பயிற்சி இன்றியமையாததாயிற்று. லூயிஸ் பி. மன்ரோவின் தலைமையில் அமைந்த இப்பள்ளியில், அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1873-இல் குரல் உடலியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருடைய தந்தை மெல்வில் பெல் உருவாக்கிய 'விசிபிள் ஸ்பீச்' என்னும் குறியீட்டு முறை, ஒலிப்பின்போது நாவும் இதழும் தொண்டையும் கொள்ளும் நிலைகளை வரிவடிவில் காட்டுவதாகும். செவித்திறனற்றோர்க்குப் பேச்சுக் கற்பிக்கவும் கிரகாம் பெல் இம்முறையையே கையாண்டார். மேடைப்பேச்சை அணிநலன் சார்ந்த கலையாக மட்டுமன்றி, உடலுறுப்புகளின் தொழிற்பாடாகவும் அணுகும் நோக்கு இதனால் வலுப்பெற்றது. அவர் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றதும் (1876) இக்காலத்திலேயே ஆகும்.

முடிவும் தொடர்ச்சியும்

1879-இல் மன்ரோ மறைந்தார். அவ்வாண்டே பள்ளியும் மூடப்பட்டது. ஒருவரின் ஆளுமையைச் சார்ந்திருந்தமை பள்ளியின் வலிமையாக இருந்தது. அவருக்குப்பின் அதுவே வலுவின்மையாயிற்று. ஆயினும் கற்பித்தல் மரபு அறுபடவில்லை. இங்குப் பயின்ற அன்னா பாரைட் 1879-இல் தனிப்பள்ளி ஒன்றை நிறுவினார். பின்னர் அவரை மணந்த சாமுவேல் சைலஸ் கரியும் மன்ரோவின் மாணவரே. அப்பள்ளியே இன்றைய கரி கல்லூரியாக வளர்ந்தது. மற்றொரு மாணவரான சார்லஸ் வெஸ்லி எமர்சன் 1880-இல் தொடங்கிய பள்ளி, இன்று எமர்சன் கல்லூரியாக விளங்குகிறது.

முடிவுரை

பேச்சுக்கலை, கற்றவரின் குரலிலும் பழக்கத்திலும் வாழ்வது. கட்டடத்திலோ பாடநூலிலோ அது முழுமையாகப் பதிவாவதில்லை. எனவே, இத்தகைய நிறுவனங்களை ஆராய்வோர் மூடப்பட்ட ஆண்டோடு நின்றுவிடாது, மாணவர்கள் சென்ற வழியையும் தொடர்தல் வேண்டும். அவ்வாறு நோக்கின், தொலைபேசி கண்டவர் பணியாற்றிய இடம் என்னும் அடையாளத்தைக் கடந்து, இரு கல்லூரிகளின் மூலமாக இப்பள்ளியை இனங்காண இயலும்.