அயோடின் ஏன் வேகவிதியில் இல்லை?

பன்னிரண்டாம் வகுப்பில் வேதிவினை வேகவியல் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோரும் சந்திக்கும் விடைத்தாள் ஒன்று உண்டு. சமன்பாட்டைக் கொடுத்து வினைவகை கேட்டால், மாணவர் குணகங்களைக் கூட்டி எழுதிவிடுவார். சில கணக்குகளில் அது சரியாகவும் வந்துவிடும். சிக்கலே அங்குதான். வேகவிதி என்பது சமன்பாட்டிலிருந்து படித்தெடுப்பது அல்ல, சோதனையிலிருந்து பெறுவது என்று நூறு முறை சொல்வதைவிட, ஒரு வினையைக் கண்முன் காட்டிவிடுவது நல்லது.

அதற்கு ஏற்ற வினை அசிட்டோனும் அயோடினும். அமிலக் கரைசலில் இவை வினைபுரிந்து அயோடோஅசிட்டோனையும் ஹைட்ரஜன் அயோடைடையும் தருகின்றன. சமன்பாட்டில் அசிட்டோன் ஒரு மூலக்கூறு, அயோடின் ஒரு மூலக்கூறு. அமிலம் வினையூக்கிதான், சமன்பாட்டில் அதற்கு இடமில்லை.

30 மி.லி. அசிட்டோனில் நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் ஏறக்குறைய 4 மோலார் கரைசல். இதில் 10 மி.லி., 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி., நீர் 20 மி.லி. மூன்றையும் ஒரு குடுவையில் கலந்து, கடைசியாக 0.005 மோலார் அயோடின் கரைசல் (பொட்டாசியம் அயோடைடு சேர்த்துத் தயாரித்தது) 10 மி.லி. ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். மஞ்சள் நிறம் மறைய நான்கு நிமிடம் அளவில் ஆகும். வெயில் நாளில் இன்னும் விரைவாக மறையும். அயோடோஅசிட்டோன் கண்ணை எரிக்கும் பொருள். அதனால் அளவைக் கூட்ட வேண்டாம், சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அடுத்து, மொத்தக் கனஅளவு மாறாமல் நீரைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு பொருளை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். அசிட்டோனை 20 மி.லி. ஆக்கினால் நேரம் பாதியாகும். அமிலத்தை 20 மி.லி. ஆக்கினாலும் பாதியாகும். அயோடினை 20 மி.லி. ஆக்கினால்? நேரம் இரண்டு மடங்கு ஆகிவிடும்!

"அயோடின் கூடினால் வேகம் குறைகிறது" என்று வகுப்பே சொல்லும். உடனே திருத்தாமல் கொஞ்சம் விட்டுவிடலாம். இரண்டு பங்கு அயோடின் தீர இரண்டு பங்கு நேரம் ஆகிறது என்றால், ஒரு நொடியில் தீரும் அயோடினின் அளவு மாறவே இல்லை. அதாவது அயோடினைப் பொறுத்து வினைவகை பூச்சியம். சமன்பாட்டில் இருக்கும் பொருள் வேகவிதியில் இல்லை, சமன்பாட்டில் இல்லாத அமிலம் வேகவிதியில் இருக்கிறது: வேகம் = வேக மாறிலி × அசிட்டோன் செறிவு × ஹைட்ரஜன் அயனிச் செறிவு. 1904இல் வேதியியலாளர் ஆர்தர் லாப்வொர்த் புரோமினை வைத்து இதே முடிவைக் கண்டார். அயோடின் போட்டாலும் புரோமின் போட்டாலும் வேகம் ஒன்றே.

இனி வேகவிதியிலிருந்து வினைவழிமுறைக்குப் போவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் ஏலக்காயை வைத்துச் சொல்வேன். மலையில் பறித்த காயை ஸ்டோரில் உலர்த்த வேண்டும், பிறகு போடியில் தரம் பிரிக்க வேண்டும், பிறகுதான் ஏலத்துக்குப் போகும். உலர்த்துவதுதான் தாமதம் என்றால், தரம் பிரிக்க ஆளை இரட்டிப்பாக்கியும் ஏலத்துக்குப் போகும் மூட்டை கூடாது. தரம் பிரிக்கும் பெண்கள் இல்லாமல் வேலை முடியாது, ஆனால் வேகம் அவர்கள் கையில் இல்லை. அயோடின் அந்த இடத்தில் நிற்கிறது: மெதுவான படிக்குப் பிறகு.

ஆகவே மெதுவான படி முடிவதற்குள் சேர்ந்தாக வேண்டியவை அசிட்டோனும் ஹைட்ரஜன் அயனியும். அதற்குப் பொருந்தும் வழிமுறை இது. முதலில் அசிட்டோனின் ஆக்சிஜன் ஒரு புரோட்டானை ஏற்கிறது. இது விரைவாக முன்னும் பின்னும் நடக்கும் சமநிலை. அடுத்து, புரோட்டான் ஏற்ற அசிட்டோன் தன் கார்பன் ஒன்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனை இழந்து ஈனாலாக மாறுகிறது. இதுதான் மெதுவான படி. கடைசியில் ஈனால் கிடைத்ததும் அயோடின் அதை உடனே பிடித்துக்கொள்கிறது. (ஏலக்காய் உவமை முதல் படிக்குச் செல்லாது. பறித்த காய் திரும்பிப் போய்ச் செடியில் ஒட்டாது. புரோட்டான் ஏற்ற அசிட்டோன் திரும்பப் பிரியும்.)

மெதுவான படியின் வேகம் புரோட்டான் ஏற்ற அசிட்டோனின் செறிவைப் பொறுத்தது. அது ஓர் இடைநிலைப் பொருள், அதை வேகவிதியில் எழுதக் கூடாது. முதல் படியின் சமநிலை மாறிலியைக் கொண்டு அதை அசிட்டோன், ஹைட்ரஜன் அயனிச் செறிவுகளாக மாற்றி எழுதினால், சோதனையில் கண்ட வேகவிதி அப்படியே வருகிறது. மூன்று படிகளையும் கூட்டினால் மொத்தச் சமன்பாடும் வருகிறது. இந்த இரண்டையும் சரிபார்க்காமல் எந்த வழிமுறையையும் ஏற்கக் கூடாது.

இத்துடன் நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இனிமேல்தான் இருக்கிறது. முதல் படியே, அதாவது புரோட்டானை ஏற்பதே மெதுவான படி என்று வைத்துக்கொண்டால் வேகவிதி என்ன ஆகும்? எழுதிப் பார்த்தால் அதே வேகவிதி! இரண்டு வழிமுறைகள், ஒரே வேகவிதி. மெதுவான படிக்குள் எந்தெந்தப் பொருள்கள் வந்து சேர்கின்றன என்பதை வேகவிதி சொல்லும். அவை எந்த வரிசையில் சேர்ந்தன என்று சொல்லாது. அயோடின் நேராக அசிட்டோனை மோதி வினை நடக்கிறது என்ற வழிமுறையை அது தள்ளிவிடும். மீதி இரண்டில் எது என்று தீர்க்க வேறு சான்று வேண்டும்.

அந்தச் சான்றும் உண்டு. அசிட்டோனின் ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக டியூட்ரியம் உள்ள அசிட்டோனை எடுத்தால் வேகம் பல மடங்கு குறைகிறது. கார்பன்–டியூட்ரியம் பிணைப்பு உடைவது கடினம். ஆகவே மெதுவான படியில் கார்பனிடமிருந்து ஹைட்ரஜன் பிரிந்தாக வேண்டும். புரோட்டானை ஏற்பதில் அந்தப் பிணைப்பு உடைவதே இல்லை. எனவே இரண்டாம் படியே மெதுவானது.

ஹைட்ரஜனும் அயோடினும் வாயு நிலையில் சேரும் வினையில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதன் வேகவிதி சமன்பாட்டோடு ஒத்துப்போனதால் ஒரே படி வினை என்று நூல்கள் எழுதிவந்தன. 1967இல் சல்லிவன் என்பவர் ஒளியால் அயோடின் அணுக்களை உண்டாக்கி, அணுக்கள் வழியாக அந்த வினை நடப்பதைக் காட்டிய பிறகுதான் நிலை மாறியது. குணகத்தைப் பார்த்து வினைவகை எழுதும் மாணவரை அதிகம் கடிந்துகொள்ள வேண்டாம்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்களும் வினைவேகப் பகுதியில் இதைத் தொடலாம், வேகவிதி என்ற சொல் இல்லாமலேயே. ஏலக்காயை உலர்த்தும் முன் 2 சதவீத சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்தால் பச்சை நிறம் நிற்கும். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தை ஹைட்ரஜன் அயனி வெளியேற்றும்போதுதான் நிறம் பழுப்பாகிறது. சோடா எந்தப் பொருளின் செறிவைக் குறைக்கிறது, நிறம் மாறும் வேகம் ஏன் குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டோர் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கை தூக்குவார்கள்.