பார்வை வந்த பிறகு

யோவான் 9ஆம் அதிகாரத்தில் 41 வசனங்கள். பிறவிக்குருடன் பார்வை பெறுவது ஏழாவதிலேயே முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி விசாரணை. பெற்றோரைக் கூப்பிட்டால், 'வயசு வந்தவன்தானே, அவனையே கேளுங்க' என்று நழுவுகிறார்கள். யூதருக்குப் பயந்தார்களாம். அவர்களும் யூதர்கள்தானே, அப்புறம் யாருக்கு யார்மேல் பயம்? ஜெப ஆலயத்திலிருந்து விலக்கப்பட்ட யோவான் சமூகத்தின் அனுபவம் இயேசு காலத்துக் கதைமேல் ஏறியிருப்பதாக 1968இல் லூயிஸ் மார்ட்டின் வாசித்தார். விலக்கத்துக்குப் புறச்சான்று போதாது என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் இது ஒரு வீட்டுச் சண்டையின் பாஷை. அதைத்தான் பிற்காலச் சபை ஓர் இனத்தின்மீதான குற்றப்பத்திரிகையாக்கியது. விசாரணை நெடுக இயேசு அங்கே இல்லை. பெற்றோரும் கைவிட்டவன் தனியாகப் பதில் சொல்லி, தனியாக வெளியே தள்ளப்படுகிறான். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் அவர் வருகிறார்.