'நான் என்ன பாவம் செஞ்சேன்?' கேன்சர் நோயாளியின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

ஸ்கேனில் தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும் வராது. ஆனால், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்யும் ஒரு வலி உண்டு. 'யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லையே, எனக்கு ஏன் இது வந்துச்சு?' என்ற கேள்விதான் அது. சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். சிலர் கேட்கவே மாட்டார்கள். தினமும் விளக்கேற்றிய அம்மா, பூஜையறைப் பக்கமே போகாமல் இருப்பார். வீட்டில் உள்ளவர்கள் கீமோ அசதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மருத்துவத்தில் இதற்கு 'ஆன்மிக வேதனை' என்று பெயர். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், 'முழு வலி' என்றொரு கருத்தைச் சொன்னார். உடல், மனம், குடும்பக் கவலை, ஆன்மிகம் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. மாத்திரை கொடுத்தும் வலி அடங்கவில்லை என்றால், வேறு எங்கோ வலிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இது வரும். 'இனிமே என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்று அது வேறு வார்த்தைகளில் வெளிப்படும்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு முடிச்சு, சுத்தம் பற்றிய எண்ணம். பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வயிற்றில் மலம் சேரும் பை பொருத்தப்படும். 'இதோட எப்படிக் கோயிலுக்குள்ள போறது?' என்று ஒருவர் தயங்குவார். 'ஒளு நிற்குமா?' என்று இன்னொருவர் தொழுகையையே விட்டுவிடுவார். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இஸ்லாமியச் சட்டத்தில் சலுகை இருக்கிறது. இமாமிடம் கேட்கக் கூச்சப்படுவதில்தான் சிக்கல். ஆறுதல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், ஆறுதல் தந்த இடமே கைநழுவிப் போகிறது.

இந்த நேரம் பார்த்து உறவினர்கள் வருவார்கள். 'போன ஜென்மத்து வினை', 'அந்தப் பரிகாரத்தை அப்பவே செஞ்சிருக்கணும்', 'ஜெபம் பத்தலை', 'பாசிட்டிவ்வா இருந்தா எல்லாம் சரியாகிடும்'. எல்லாமே அன்பில் சொல்வதுதான். ஆனால், படுத்திருப்பவர் காதில் எல்லாம் ஒன்றாகவே விழும்: தப்பு உன்மேல்தான்.

பைபிளில் யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. பிறகு, அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் திரும்பியது. நம் நாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகமே, சூலை நோய் தாங்காமல் சிவனிடம் வைத்த முறையீடுதான். சாமியிடம் சண்டை போடுவதை பக்திக் குறைவென்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை.

அப்படியென்றால் என்ன பேசுவது? 'அப்படியெல்லாம் பேசாதீங்க அத்தை' என்று வாயை அடைக்காமல், 'மனசுல என்ன ஓடுது, சொல்லுங்க' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். அழுதால் அழட்டும்.

டாக்டரின் வார்த்தைக்கும் இங்கே பலம் அதிகம். புகையிலை, ஹெச்.பி.வி. வைரஸ், பரம்பரை மரபணு என்று காரணங்கள் பல. செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழையும் காரணமாகலாம். 'இது தண்டனை இல்லம்மா' என்று வெள்ளை கோட் போட்டவர் சொல்லும்போது அது மனதில் இறங்கும். புகைபிடித்தவரிடம் அதற்குச் சம்பந்தமே இல்லை என்று பொய் சொல்ல முடியாதுதான். அதற்காக, தினமும் குத்திக்காட்டினால் கட்டி கரையப்போவதில்லை.

அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி இதற்காகவே எளிமையான கேள்விமுறை ஒன்றை வகுத்திருக்கிறார். உங்களுக்குப் பிடிப்பு தருவது எது, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், கூட நிற்பவர்கள் யார், இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நோயாளியையே கேட்பது. இதை வீட்டிலும் கேட்கலாம்.

நேர்த்திக்கடன், விரதம், பிரார்த்தனை எல்லாம் மனதுக்குத் தெம்பு தருமென்றால் தாராளமாகச் செய்யட்டும். கீமோ தேதி மட்டும் தவறக் கூடாது. விரதம் இருப்பதாக இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்து, 'செத்துட்டா தேவலை' என்கிற அளவுக்குப் போனால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பாலியேட்டிவ் கேர் பிரிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம். அது கடைசி நாள்களுக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே, சிகிச்சையோடு சேர்த்து அதையும் பெறலாம்.