முன்பாயைச் சுருட்டும் உருளை

வார இறுதிகளில் பாய்மரப் படகில் போவேன் என்று வானொலியில் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நேயர்கள் இரண்டு கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். "அதற்கெல்லாம் நிறைய காசு வேண்டுமே?" என்பது ஒன்று. "நடுக்கடலில் திடீரென்று பெருங்காற்று வந்தால் அவ்வளவு பெரிய பாயை என்ன செய்வீர்கள்?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். படகு என்னுடையது அல்ல. நான் கூடப் போகிறவன், கயிறு இழுப்பவன். காசு அண்ணனுடையது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. கடந்த ஆண்டு அண்ணன் குடும்பம் அந்தப் படகை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. படகில் பழகி அண்ணன் ஆனவர். வயது 57, பொறியாளர். கிள்ளான் துறைமுகப் பக்கம் 33 அடிப் படகு ஒன்றை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை வந்தால் அண்ணியையும் 15 வயது மகளையும் ஏற்றிக்கொண்டு பங்கோர் அல்லது லங்காவி போவார். மற்ற நாள்களில் அதே படகில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பந்தயம் ஓடுவோம். 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் போட்டியில் ஒருமுறை ஓடிவிட வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. நவம்பரில் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடியும் போட்டி அது.

ஒரே வேட்டியைக் கல்யாணத்துக்கும் கட்டி, தோட்ட வேலைக்கும் கட்டுவது போன்ற கதைதான். இரண்டுக்கும் பொருந்த வேண்டும். இரண்டிலும் கிழியக் கூடாது.

மூக்கு வரை போகும் ஆள்

பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் மூக்குக்குச் சாய்வாக ஓர் எஃகுக் கம்பி இறங்கும். 'ஃபோர்ஸ்டே' எனப்படும் முன்கம்பி அது. மரம் பின்பக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதன் முதல் வேலை. முன்பாயைத் தாங்குவது இரண்டாவது வேலை. பழைய முறையில் பாயின் முன்விளிம்பு நெடுகக் கொக்கிகள் இருக்கும். அவற்றைக் கம்பியில் மாட்டிப் பாயை மேலே ஏற்றுவார்கள். இறக்க வேண்டுமென்றால் ஒருவர் மூக்கு வரை போய், பாயைக் கையால் அமுக்கிப் பிடித்துக் கட்ட வேண்டும்.

கடலோடிகளின் தமிழில் படகின் முன்முனைக்கு அணியம் என்று பெயர். பகலில், தணிந்த கடலில், அணியத்தில் நிற்பது சுகம். இரவில் காற்று ஏறிய பிறகு அங்கே போவது வேறு விஷயம். மூக்கு எழும்பி விழும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் இடுப்பு வரை அடிக்கும். தளம் வழுக்கும்.

மலாக்கா நீரிணையில் இது அபூர்வம் அல்ல. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் புயல்வரிசை மேற்கிலிருந்து வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் வரும். காற்று சில நிமிடங்களில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். பந்தய நாளில் அந்த நேரத்தில் படகில் ஆறு பேர் இருப்போம். குடும்பமாகப் போகும்போது விழித்திருப்பது அண்ணனும் அண்ணியும் மட்டும்.

அண்ணனுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அண்ணி சொல்லிவிட்டார்: "ஒண்ணு, பாயை உட்கார்ந்த இடத்துலேருந்தே சுருட்டுற மாதிரி பண்ணுங்க. இல்லன்னா படகை வித்துடுங்க."

மாமாக் கடை வழக்கு

அண்ணி கேட்ட கருவிக்குப் பெயர் ஃபர்லர். வீட்டுச் சன்னலில் போடும் சுருள் திரையை நட்டுக்குத்தாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்கம்பியைச் சுற்றி நீளமான அலுமினியக் குழல். அதன் அடியில் ஓர் உருளை, மேலே ஒரு சுழலி. குழலில் உள்ள நீளப் பள்ளத்தில் பாயின் முன்விளிம்பைச் செருகி ஏற்றிவிடுவார்கள். உருளையில் சுற்றிய கயிறு படகின் ஓரமாகச் சுக்கான் பிடிக்கும் இடம் வரை வரும். அதை இழுத்தால் உருளை சுழலும், குழல் சுழலும், பாய் சுருளும். பாயின் இழுகயிற்றை இழுத்தால் பாய் விரியும், சுருட்டுக் கயிறு திரும்ப உருளையில் ஏறிக்கொள்ளும்.

பந்தயக் குழு எதிர்த்தது. மாமாக் கடையில் தே தாரிக் ஆறும் வரை வாதம். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். குழலின் எடை மரத்தின் உயரத்தில் ஏறுகிறது. அடியில் உருளை உட்காருவதால் பாயின் அடிவிளிம்பு தளத்தைவிட்டு மேலே போகிறது. அந்த இடைவெளி வழியாகக் காற்று நழுவும். பாதி சுருட்டிய பாய் நடுவில் தொப்பை போடும். காற்றை எதிர்த்து ஏறும் கோணம் கெடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார். "தம்பி, ராத்திரியில உங்க அண்ணன் முன்னால போறாரு. நான் பின்னால உட்கார்ந்து அவர் டார்ச் வெளிச்சம் தெரியுதான்னு மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கேன். அதுக்கு எத்தனை நிமிஷம் கழிப்பீங்க?"

யாரும் பேசவில்லை.

வழி இருந்தது. உருளையைக் கழற்றிவிடக்கூடிய ஃபர்லர்கள் இருக்கின்றன. குழலில் ஒரு பள்ளத்துக்குப் பதில் இரண்டு பள்ளம் இருக்கும். பந்தயத்தன்று உருளையை எடுத்துவிட்டால் பாயைத் தளம் வரை இறக்கிக் கட்டலாம். பாயை மாற்றும்போது பழையது ஒரு பள்ளத்தில் நிற்க, புதியதை மற்றதில் ஏற்றிவிட்டு, பிறகு பழையதை இறக்கலாம். ஒரு கணம்கூடப் படகு முன்பாய் இல்லாமல் ஓடாது. இதற்கு விலை கூடுதல். அண்ணன் சம்மதித்தார்.

கம்பியில் கண்டது

வேலைக்கு வந்தவர் ரிக்கிங்கில் கைதேர்ந்த மலாய்க்காரர். எங்கள் எல்லாருக்கும் அவர் 'பாங்'. பெட்டியைத் திறக்கும் முன்பே அளவெடுக்கத் தொடங்கினார். பழைய கம்பியின் நீளம் ஊசித்துளையிலிருந்து ஊசித்துளை வரை, கம்பியின் தடிப்பு, இரு முனைகளிலும் உள்ள ஊசிகளின் தடிப்பு. நீளம் சிறிது மாறினாலும் மரத்தின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் சுக்கானின் கனம் மாறும்.

பிறகு முன்பாயின் ஏற்றுக் கயிற்றையும் இன்னொரு கயிற்றையும் மூக்கில் கட்டி இறுக்கி, பின்கம்பியைத் தளர்த்தினார். முன்கம்பியைக் கழற்றினால் மரத்தைப் பிடிக்க அந்தக் கயிறுகள்தான். நாங்கள் வின்ச்சைச் சுற்ற, இருக்கைப் பட்டையில் உட்கார்ந்து மரத்தின் உச்சிக்குப் போனார். "பெலான்-பெலான்" என்று மேலிருந்து குரல் வந்தது.

கம்பி கீழே வந்ததும் அதன் மேல்முனையை விரலால் தடவிக் காட்டினார். 19 இழைகள் முறுக்கிய கம்பி அது. முனைப் பிடிக்குள் நுழையும் இடத்தில் ஓர் இழை அறுந்திருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரிந்திருக்காது. மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதுதான் மரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சா?" என்றாள். அண்ணன் பதில் சொல்லவில்லை.

கம்பியைக் குழல் மூடிவிட்டால் பிறகு அதைக் கண்ணால் பார்ப்பது கடினம். அதனால் ஃபர்லர் பொருத்தும்போதே புதுக் கம்பி போடுவது நல்லது. பத்து ஆண்டு தாண்டிய கம்பியை மாற்றிவிடுவது பல படகோட்டிகளின் வழக்கம். நம் உப்புக்காற்றுக்கு அது இன்னும் பொருந்தும்.

பாங் வலியுறுத்திய நான்கு

முதலாவது, இரு முனைகளிலும் எல்லாப் பக்கமும் அசையும் இணைப்பு வேண்டும். காற்றில் பாய் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும். முனை அசையாவிட்டால் கம்பி அங்கேயே வளைந்து வளைந்து களைத்து அறும்.

இரண்டாவது, மேல் சுழலிக்கும் மரத்துக்கும் இடையே ஏற்றுக் கயிறு சிறு கோணத்தில் பின்னோக்கிப் போக வேண்டும். குழலை ஒட்டி நேராகப் போனால், பாய் சுருளும்போது கயிறும் சேர்ந்து குழலைச் சுற்றிக்கொள்ளும். ஃபர்லர் இறுகி நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். பாய் குட்டையாக இருந்தால் அதன் தலையில் ஒரு துண்டுக் கயிற்றைச் சேர்த்துச் சுழலியை உரிய உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, சுருட்டுக் கயிறு உருளைக்குள் நேர்க்கோணத்தில், நடு உயரத்தில் நுழைய வேண்டும். பாய் முழுதும் சுருண்ட பிறகும் இழுகயிறு அதன்மேல் மூன்று நான்கு சுற்று சுற்றும் அளவுக்கு உருளையில் கயிறு மிச்சம் இருக்க வேண்டும். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும். அப்போது சுற்றுகள் கூடுதலாகத் தேவைப்படும்.

நான்காவது, அலுமினியத்தில் எஃகுத் திருகு போகும் இடமெல்லாம் அரிப்பைத் தடுக்கும் பசை. உப்புநீரில் அந்த இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் பொடியாகும்.

குடும்பப் பாயின் முன்விளிம்பைச் சற்றுக் குறைத்து, பள்ளத்துக்கு ஏற்ற நாடா தைத்து, தொப்பை விழாமல் இருக்க முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்தார்கள். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில்காப்புத் துணி. அந்தத் துணி வெளியே தெரியும் திசையில்தான் பாய் சுருள வேண்டும். அதனால் உருளையில் எந்தப் பக்கமாகக் கயிறு சுற்றுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தோம். பந்தயப் பாய்க்கு வெயில்காப்புத் துணி இல்லை. எடை வேண்டாம் என்று.

காற்று வந்தபோது

அடுத்த பள்ளி விடுமுறையில் பங்கோர் போனோம். கூட்டிப்போனதால் நானும் இருந்தேன். விடிவதற்கு வெகு நேரம் முன்பு மேற்கே மின்னல், அதன் கீழே கறுத்த மேகவரிசை. காற்று சட்டென்று குளிர்ந்தது.

அண்ணி சுக்கானைத் திருப்பிக் காற்றைப் பின்னால் வாங்கினார். பெரிய பாயின் மறைவில் முன்பாய் தளர்ந்தது. அண்ணன் இழுகயிற்றைச் சிறிது இறுக்கம் விடாமல் மெல்ல விட்டுக்கொடுக்க, மகள் சுருட்டுக் கயிற்றை இழுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் முன்னால் போகவில்லை. மழை வந்து மூடியபோது நான்கு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழலின் எடை இருக்கத்தான் செய்கிறது. மெல்லிய காற்றில் சில படகுகள் முந்திப் போகின்றன. ஃபர்லர் உள்ள படகுக்குச் சில ஊனக்கணக்கு விதிகள் சிறு சலுகை தருகின்றன. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பந்தயத்துக்கு உருளையைக் கழற்றுவோர் முதலில் விதியைப் படிப்பது நல்லது. ராஜா மூடா ஆசையை அண்ணன் விடவில்லை.

ஃபர்லர் வந்தவுடன் கவலை விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சுருட்டுக் கயிறு இறுகினால் வின்ச்சில் போட்டு இழுக்காதீர்கள். முதலில் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். பாய் கிழிவதும் குழல் முறிவதும் அந்த அவசரத்தில்தான். கரையில் கட்டிப்போடும்போது இழுகயிற்றைப் பாய்மேல் சுற்றி, சுருட்டுக் கயிற்றை உறுதியாகக் கட்டுங்கள். காற்றில் பாதி அவிழ்ந்த பாய் கட்டிய இடத்திலேயே படபடத்துக் கந்தலாகும். வாரக்கணக்கில் வரமாட்டீர்கள் என்றால் பாயைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

நண்பர்களோடு சேர்ந்து பழைய படகு வாங்கலாம் என்று யோசிக்கும் இளையர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். இயந்திரத்தைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் பிறகு கேளுங்கள். முன்கம்பிக்கு எத்தனை வயது என்று முதலில் கேளுங்கள். அண்ணி அந்த அறுந்த கம்பியின் முனையை ஓர் அடி வெட்டி வாங்கி, சமையலறைச் சன்னலோரம் வைத்திருக்கிறார். படகு வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும், தேநீரோடு அதையும் கையில் கொடுக்கிறார்.