ஸ்டார்ட்... டுமீல்... காலி!

குட்டீஸ்! பிரமாண்டமான ரோபோ ஒன்று, 'சடசட'வென மடங்கி லாரியாக மாறுவதை 'டிரான்ஸ்பார்மர்ஸ்' படங்களில் பார்த்து வாய் பிளந்திருப்பீர்களே... ஆப்டிமஸ் பிரைம்! அவருக்கு ஜப்பானில் வேறு பெயர் உண்டு, தெரியுமா? அங்கே அவர், 'கான்வாய்!'

ஜப்பான், 'டிவி'யில் 1985ல் இந்த கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டு, டிசம்பர் 5ம் தேதி, 'டகாரா' என்ற பொம்மை நிறுவனம், 'கான்வாயின் மர்மம்' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. ஜப்பானியர் இந்த கேமை இன்னும் மறக்கவில்லை. நன்றாக இருந்ததால் அல்ல... படுமோசமாக இருந்ததால்!

அப்படி என்னதான் மோசம்? வாங்க, ஆடிப் பார்க்கலாம்.

குண்டு எங்கே?

இது, 'பேமிகாம்' என்ற பெட்டியில் ஆடும் கேம். 1983ல், நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பெட்டி அது. கேசட்டைச் செருகி, 'டிவி'யுடன் இணைத்து ஆட வேண்டும். உங்கள் அப்பாவோ, மாமாவோ சிறுவயதில் ஆடிய, 'டிவி கேம்' பெட்டிகளில் பல, இதன் நகல்கள்தான்.

கதை இதுதான்... கான்வாய் இறந்து விட்டார். அந்த மர்மத்தைக் கண்டுபிடிக்கப் புறப்படுகிறார், அல்ட்ரா மேக்னஸ். இவரும் லாரியாக மாறக்கூடிய ரோபோ. இவரை நாம் இடமிருந்து வலமாக நடத்திச் செல்ல வேண்டும். நடக்க நடக்க, காட்சியும் நகர்ந்து கொண்டே வரும். குதிக்கலாம், சுடலாம், லாரியாக மாறலாம்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி விட்டீர்களா? அதோ, எதிரி விமானம் வருகிறது. 'அட...' என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள், டுமீல்! ஹீரோ காலி.

என்ன பட்டது என்றே தெரியவில்லையே! உற்றுப் பாருங்கள். பொட்டு மாதிரி ஒரு குட்டிக் குண்டு. பேமிகாம் திரையில் இருப்பதே, அகலத்தில் 256, உயரத்தில் 240 புள்ளிகள்தான். அதில் சில புள்ளிகள் அளவுக்கு ஒரு குண்டு வந்தால், கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஹீரோவோ, அதைவிடப் பல மடங்கு பெரியவர். போதாக்குறைக்கு, ஒரே ஒரு குண்டு பட்டாலும் உயிர் போய்விடும்!

எப்படியோ தட்டுத்தடுமாறி முன்னேறினால், மொத்தம் 10 கட்டங்கள். ஒன்பதாவது கட்டம் ஒரு புதிர்ப்பாதை. தவறான வழியில் போனால், சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கே வருவீர்கள். அதையும் தாண்டி ஜெயித்து விட்டால், கான்வாய் எப்படி இறந்தார் என்ற மர்மம் விலகுமா? ஊஹும்... அதற்கான விளக்கமே கிடையாது!

அவர் இறக்கும் காட்சி உள்ள சினிமா, 1986 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியாகியிருந்தது. அப்போது ஜப்பானுக்கு அது வரவில்லை. பாவம், கேமை வாங்கிய ஜப்பான் சிறுவர்கள்! காசைச் சேர்த்து ஆசையாக வாங்கி வந்திருப்பார்கள். ஆரம்பித்த சில நொடிகளில் ஆட்டம் முடிந்து விடும். இப்போது போல, 'அப்டேட்' செய்து தவறைத் திருத்தவும் முடியாது. கேசட்டில் பதிந்தது, பதிந்ததுதான்.

மரியோ செய்த உதவி

'கஷ்டமாக இருந்தால்தானே விளையாட்டு சுவாரஸ்யம்?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், கஷ்டம் வேறு, அநியாயம் வேறு.

இதே பேமிகாமில், 1985ல் வந்தது, 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்.' அதில் முதல் எதிரி, மெல்ல நடந்து வருவான். அவனை நன்றாகப் பார்க்க முடியும். யோசித்துக் குதிக்க நேரமும் இருக்கும். மோதிச் செத்தாலும், 'அடடா, குதித்திருக்க வேண்டும்' என்று புரிந்து விடும். காளானைச் சாப்பிட்டு மரியோ பெரியவனாகி விட்டால், ஒரு அடி பட்டாலும் தப்பிக்கலாம். தவறு செய், கற்றுக்கொள், மறுபடி முயற்சி செய். அதுதான் நல்ல ஆட்டம்.

'கான்வாயின் மர்ம'த்தில், ஏன் தோற்றோம் என்பதே முதலில் புரிவதில்லை. அங்கேதான் கோளாறு!

ஆனாலும், விடாக்கண்டர்கள் சிலர் விடவில்லை. எந்த இடத்தில், எந்த எதிரி வருவான் என்பதை மனப்பாடம் செய்தே, 10 கட்டங்களையும் முடித்தனர். மோசமான கேம் என்ற பெயரே, அதற்குப் புகழையும் சேர்த்தது. 2014ல் இதே பெயரை வைத்து மொபைல் கேமும், 2015ல் நகைச்சுவை கார்ட்டூன் தொடரும் ஜப்பானில் வந்தன.

நீங்களும் செய்யலாம்!

மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும், அவரது குழுவினரும், கட்டங்களை முதலில் கிராப் தாளில்தான் வரைந்தனர். நீங்களும் ஒரு கிராப் தாள் எடுத்து, பள்ளம், சுவர், எதிரி எல்லாம் வரையுங்கள். ஒரு பட்டனை ஹீரோவாக வைத்து, தம்பியையோ, தங்கையையோ நகர்த்தச் சொல்லுங்கள்.

அவர்கள் தோற்றதும், 'ஏன் தோற்றாய்?' என்று கேளுங்கள். காரணத்தைச் சரியாகச் சொன்னால், உங்கள் ஆட்டம் நல்ல ஆட்டம். 'தெரியலையே...' என்று விழித்தால், அவர்களைத் திட்டாதீர்கள். ரப்பரை எடுத்து, தாளைத் திருத்துங்கள்!